சேது வழி: இராமேசுவரத்துக்குப் போன பாதையின் கதை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'இராமேசுவரம் கோயிலின் வரலாறு'. மூர்த்தி, தலம், தீர்த்தம், திருப்பணி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் ஒரு மணி நேரம் தாராளமாக ஓடிவிடும். ஆனால் அதெல்லாம் சன்னதித் தெருக் கடைகளில் தொங்கும் தலபுராணப் புத்தகத்திலேயே கிடைக்கிறது. அதற்கு நான் எதற்கு? அதனால் தலைப்பைச் சற்றுத் திருப்பிக்கொண்டேன். கோயிலை விட்டுவிட்டு, கோயிலுக்குப் போன வழியைப் பற்றிப் பேசப்போகிறேன். மற்ற பெருங்கோயில்கள் பெரும்பாலும் ஒரு தலைநகரிலோ ஆற்றங்கரை ஊரிலோ எழுந்தவை. ஊர் முந்தி, கோயில் பிந்தி. இராமேசுவரம் அப்படியல்ல. விளைநிலமில்லாத ஒரு மணல் தீவு. அங்கே வந்தவர்கள் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். வழி இருந்தால்தான் கோயில். அந்த வழியை எவர் காத்தாரோ அவர் கையில்தான் கோயிலும் இருந்தது, அதைச் சுற்றிய அரசும் இருந்தது. இதுதான் நான் சொல்ல வந்தது.

பழமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இராமன் இங்கே இலிங்கம் நிறுவி வழிபட்ட கதை வால்மீகியில் விரிவாக இல்லை. விமானத்தில் திரும்பும்போது, இந்த இடத்தில் மகாதேவன் அருள்செய்தார் என்று சீதைக்குக் காட்டுவதோடு அது நின்றுவிடுகிறது. ஆனால் 7-ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் அப்பரும் சம்பந்தரும் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார்கள். இராமன் வழிபட்ட இடம் என்ற நம்பிக்கை அவர்கள் பாட்டில் உறுதியாகவே இருக்கிறது. ஆக, அந்தக் காலத்திலேயே ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். எப்படி வந்தார்கள்? கரையோரமாக நடந்து, தோணி ஏறி. இலங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் தோணியில்தான். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தங்கள் காசில் 'சேது' என்று பொறித்துக்கொண்டார்கள். காசில் பொறிக்கும் அளவுக்கு ஒரு இடம் முக்கியம் என்றால், அந்தக் கடல்வழி அவர்களுக்கு வெறும் பக்தி மட்டுமல்ல, முத்தும் வணிகமும் உரிமையும் கலந்த விஷயம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி வழியின் காவலுக்கு வருவோம்.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மதுரையில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர். மதுரைக்குக் கிழக்கே கடல் வரைக்கும் காடும் முள்ளும். யாத்திரை போனவர்கள் வழிப்பறிக்கு ஆளானார்கள். நாயக்கரின் குரு இராமேசுவரம் போக விரும்பியபோது, சடைக்கத் தேவர் என்ற மறவர் தலைவர் அவரைப் பத்திரமாக அழைத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார் என்றும், அதில் மகிழ்ந்த நாயக்கர் 1605-ஐ ஒட்டி அவரைச் சேதுபதியாக அமர்த்தினார் என்றும் மரபுச் செய்தி. குருவின் கதை எவ்வளவு உண்மையோ, கதை எதைச் சொல்லவருகிறது என்பது தெளிவு. ஒரு அரச மரபே வழித்துணை போனதற்குக் கிடைத்த கூலியாகத் தன் தோற்றத்தைச் சொல்லிக்கொள்கிறது. சூரியன், சந்திரன், அக்கினி என்று வம்சம் தேடாமல், 'யாத்திரிகரைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்' என்று சொல்லிக்கொண்ட மரபுகள் நமக்கு அதிகமில்லை. அவர்களுடைய முதல் இருப்பிடம் போகலூர். இராமநாதபுரத்துக்கு வந்தது பிறகு, கிழவன் சேதுபதி காலத்தில்.

அந்தக் கூலிக்கு எவ்வளவு மதிப்பு என்பது ஒரு தலைமுறைக்குள் தெரிந்துவிட்டது. திருமலை நாயக்கருக்கும் தளவாய்ச் சேதுபதிக்கும் பகை முற்றி, 1639-ஐ ஒட்டி நாயக்கரின் தளபதி இராமப்பய்யன் படையோடு வந்தார். சேதுபதி தீவுக்குள் போய்விட்டார். இராமப்பய்யன் கடலில் கல்லும் மண்ணும் போட்டுப் பாம்பனுக்கு வழி அடைத்தார். போர்ச்சுகீசியர் கப்பல் தந்து உதவினார்கள். 'இராமப்பய்யன் அம்மானை' இந்தப் போரைத்தான் பாடுகிறது. இராமன் அணை கட்டிய கடலில் இராமப்பய்யனும் அணை கட்டினான் என்றால் அம்மானைப் புலவருக்கு வேறென்ன வேண்டும்? சேதுபதி பிடிபட்டு மதுரையில் சிறைவைக்கப்பட்டார். ஆனால் அவருடைய சீமை அடங்கவில்லை. வாரிசுச் சண்டையில் காவல் குலைந்து வழி மறுபடியும் கெட்டுப்போயிற்று. வடக்கிலிருந்து வந்த பைராகிகளும் யாத்திரிகர்களும் நாயக்கரிடம் முறையிட்டார்கள் என்று மதுரை வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். கடைசியில் திருமலை நாயக்கர் தாம் சிறைபிடித்த அதே சேதுபதியை விடுவித்துத் திரும்பவும் அமர்த்த வேண்டியதாயிற்று. போரில் வென்றவர் வழியில் தோற்றார் என்பது என் கணக்கு. வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் கந்தலுடுத்த பைராகிக் கூட்டத்தின் குரல் ஒரு நாயக்க மன்னர் காதில் விழுந்தது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தப் பைராகிகள் ஏன் இவ்வளவு தூரம் வந்தார்கள் என்று கேட்பீர்கள். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் உள்ள கணக்கு அப்படி. இங்கே சேதுவில் முழுகி, மணல் எடுத்துக்கொண்டு போய்ப் பிரயாகையில் திரிவேணியில் கரைக்க வேண்டும். அங்கிருந்து கங்கை நீர் எடுத்து வந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். அப்போதுதான் யாத்திரை பூர்த்தி. தெற்கத்தியான் வடக்கே போய்த் தெற்கே திரும்ப வேண்டும். வடக்கத்தியான் தெற்கே வந்துவிட்டு மறுபடி வடக்கே போக வேண்டும். இன்றைக்கும் அடைத்து மெழுகிட்ட செம்புச் சொம்பில் கங்கை நீரோடு வரும் குடும்பங்களைக் கோயிலில் பார்க்கலாம். இன்னொரு செய்தி: கருவறையில் பூசை செய்யும் குருக்கள்மார் மகாராட்டிர மரபினர், சிருங்கேரி மடத்தில் தீட்சை பெற்றவர்களே மூர்த்தியைத் தொடலாம். தேவாரப் பாடல்பெற்ற பாண்டி நாட்டுத் தலம், மறவர் மன்னரின் காவல், மராட்டிய அர்ச்சகர், கன்னட நாட்டு மடத்தின் தீட்சை, காசித் தண்ணீர். இது எந்த ஊர்க் கோயில் என்று கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

நடந்து வந்தவர்கள் எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள்? எனக்கு இந்தப் பொருளில் மிகவும் பிடித்த பகுதி இது. இங்கே கொஞ்சம் நின்றுகொள்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து தெற்கே சேது நோக்கிப் போகும் சாலையில் மராட்டிய மன்னர்கள் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். பலவும் அரச குடும்பத்துப் பெண்கள் பெயரால் அமைந்தவை. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் சரபோஜி தம் அன்புக்குரியவளின் நினைவாகக் கட்டியது. 1799-இல் நாட்டு நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோது, இந்தச் சத்திரங்களும் அவற்றுக்கு விடப்பட்ட நிலங்களும் என்னாகும் என்ற கவலை சரபோஜிக்கு வந்தது. 1801-இல் தஞ்சை ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். நாட்டை இழந்த ஒரு மன்னர் எழுதிய கடிதங்களில் இதைவிட மானமுள்ள கடிதத்தை நான் படித்ததில்லை. அதில் படை பற்றியோ பட்டம் பற்றியோ பேச்சில்லை. சோறு பற்றித்தான் பேச்சு.

சத்திரத்துக்கு வருகிறவர் எந்தச் சாதியானாலும் சோறு உண்டு. சமைத்ததைச் சாப்பிடாதவருக்கு அரிசியும் சாமானும் அளந்து கொடுக்கப்படும். கைக்குழந்தைகளுக்குப் பால். நோய்வாய்ப்பட்டவர் தேறும்வரை அங்கேயே மருந்தும் பத்தியமும். விஷக்கடிக்கு வைத்தியர். கர்ப்பிணி வந்தால் பிரசவம் முடியும்வரை கவனிப்பு. அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு. வழியில் செத்தவருக்கு உரிய கிரியை. இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு விவரம் சொல்கிறார். நடுச்சாமத்தில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் எல்லோரும் வந்து சாப்பிடும்படி கூப்பிடுவார்களாம். நிர்வாக விதியில் இப்படி ஒரு வரி வருவதற்கு, உண்மையில் எவனோ ஒருவன் அகாலத்தில் பசியோடு வந்து கூச்சத்தில் கேட்காமல் திண்ணையில் படுத்திருக்க வேண்டும். அதை எவரோ பார்த்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான், கடிதத்தில் இல்லை.

இராமநாதபுரச் சீமைக்குள் நுழைந்தால் சேதுபதிகளின் சத்திரங்கள். அவற்றுக்கு விட்ட ஊர்களைச் சொல்லும் செப்பேடுகள் பல அச்சாகியிருக்கின்றன. மாணவர்கள் யாராவது ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து மண்டபம் வரை இந்தச் சத்திரங்களைக் குறித்துப் பார்க்க வேண்டும். கட்டடம் சில இடிந்திருக்கும், சில வேறு உபயோகத்தில் இருக்கும், கிணறு மட்டும் எஞ்சியிருக்கும் இடமும் இருக்கும். ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாராளமாகப் போதும்.

இப்போது கோயிலுக்குள் போவோம். உலகப் புகழ் பெற்ற மூன்றாம் பிராகாரம். கிழக்கு மேற்காக 690 அடி, தெற்கு வடக்காக 435 அடி, தூண்கள் 1212 என்று கணக்குச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் ஆள் மார்பளவுக்கு மேடை, மேடைமேல் தூண், நடுவே நடை. தீவில் கருங்கல் கிடையாது. ஒவ்வொரு கல்லும் கடல் தாண்டி வந்தது. ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக்கலை அறிஞர், திராவிடக் கட்டடக்கலையின் எல்லா அழகையும் ஒரே கோயிலில் காட்ட வேண்டுமானால் இதைத்தான் காட்டுவேன், எல்லாக் குறைகளையும் காட்ட வேண்டுமானாலும் இதைத்தான் காட்டுவேன் என்ற பொருளில் எழுதினார். நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். அவருடைய குறை, திட்டமான ஒரு மையம் இல்லாமல் நடைகளாகவே நீண்டுவிட்டது என்பது. ஆனால் நடந்து நடந்தே வந்தவனுக்காகக் கட்டப்பட்ட இடத்தில் நடைதானே பிரதானமாக இருக்கும்? வெயிலும் மணலுமாக வந்தவன் கோயிலுக்குள் சுற்றியும் நடக்கத்தான் போகிறான். இம்முறை தலைக்குமேல் கல் நிழல்.

இந்தப் பிராகாரத் திருப்பணி 18-ஆம் நூற்றாண்டில் நடந்தது. அதை நிறைவு செய்தவராக அறியப்படுபவர் முத்துராமலிங்க சேதுபதி. அவருடைய சிலையும் அவர் பிரதானி முத்திருளப்ப பிள்ளையின் சிலையும் பிராகார வாயிலருகே நிற்கின்றன. பெரும்பாலோர் நின்று பார்ப்பதில்லை. இந்தச் சேதுபதி சிறுவனாக இருந்தபோது, 1772-இல், ஆற்காட்டு நவாபும் கம்பெனியும் சேர்ந்து இராமநாதபுரத்தைப் பிடித்துத் தாயோடு அவரைத் திருச்சியில் சிறைவைத்தார்கள். 1781-இல்தான் விட்டார்கள். 1795-இல் கம்பெனி மறுபடியும் பட்டத்திலிருந்து இறக்கிச் சிறையில் போட்டது. 1809-இல் சென்னையில் சிறையிலேயே இறந்தார். அதன்பின் சேதுபதிகள் ஜமீன்தார்கள். வழிக்காவல் என்ற பொறுப்பு போய், கோயில் நிர்வாகத்துக்கு வழக்கு மன்றம் ஏறும் காலம் வந்தது. அந்த வழக்குகளுக்குள் இன்று போகவில்லை. போனால் நீங்கள் வெளிநடப்புச் செய்வீர்கள்.

பாஸ்கர சேதுபதியை மட்டும் சொல்லாமல் விட முடியாது. மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 சனவரி 26 அன்று பாம்பனில் இறங்கியபோது வரவேற்றவர் அவர்தான். மறுநாள் விவேகானந்தர் இராமேசுவரம் கோயிலில் பேசினார். ஏழையிடம் சிவனைக் காணாதவன் வழிபாடு தொடக்கநிலைதான் என்ற கருத்தை அவர் சொன்னது இந்தக் கோயிலுக்குள்தான். அதே ஆண்டு தொடங்கித் தேவகோட்டை நகரத்தார் குடும்பம் ஒன்று, பன்னெடுங்காலமாக முடியாமல் நின்ற கிழக்கு இராசகோபுரத்தை ஒன்பது நிலையாக 126 அடிக்கு உயர்த்தியது. சேதுபதிகள் விட்ட இடத்தை வணிகர்கள் பிடித்தார்கள்.

அடுத்து இரும்பு வழி. 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தார்கள்: 145 கண்கள், நடுவில் கப்பலுக்காக இரு பக்கமும் தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் தூக்குப் பாலம். பக்தருக்காகக் கட்டியது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கொழும்புக்குப் போகும் 'போட் மெயில்'தான் நோக்கம். பிரதானப் பாதை பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போயிற்று. அங்கே கப்பல் ஏறித் தலைமன்னார். இராமேசுவரத்துக்கு ஒரு கிளைப் பாதைதான். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தோட்டத் தொழிலாளர்கள் தடுத்துவைக்கப்பட்டு, நோய் இல்லை என்று பார்த்தபின் அனுப்பப்பட்டார்கள். ஒரே தண்டவாளத்தில் ஒருவர் புண்ணியம் தேடிப் போனார், ஒருவர் கூலி தேடிப் போனார். இரண்டாமவரைத் தலபுராணங்கள் எழுதுவதில்லை.

படகுக்காரர்களையும் எழுதுவதில்லை. அப்துல் கலாமின் தந்தை இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லப் படகு கட்டி ஓட்டியதைக் கலாம் தம் சுயசரிதையில் சொல்கிறார். சீதாராமர் கல்யாண உற்சவத்தில் சுவாமியைக் குளத்துக்குள் கொண்டுபோகப் படகு ஏற்பாடு செய்வதும் அவர்கள் குடும்பத்தின் வழக்கம். அந்தத் தீவின் முசுலிம் மரக்காயர்கள் இல்லாமல் இந்து யாத்திரை இல்லை என்பதற்கு அங்கே யாரும் விளக்கவுரை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. தோணி வேண்டும், தோணி அவர்களிடம் இருந்தது.

1964 திசம்பர் 22 இரவு புயல். தனுஷ்கோடியை நெருங்கிய பாசஞ்சர் ரயில் பயணிகளோடு அலைக்குள் போயிற்று, நூற்றுக்கும் மேற்பட்டோர். பாலத்தின் 126 கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. தூக்குப் பகுதி நின்றது. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் பொறுப்பில் 46 நாளில் பாலம் மீண்டது. தனுஷ்கோடி மீளவில்லை. பிரதானப் பாதை அழிந்து, கிளைப்பாதையாக இருந்த இராமேசுவரமே கடைசி நிலையமானது. இலங்கைக் கப்பல் பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடி, 1980-களில் போரோடு நின்றது. யாழ்ப்பாணத்துக்காரருக்குத் திருவிழாப் பயணமாக இருந்த தலம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டே எட்டாததாகிவிட்டது. 1988 அக்டோபர் 2 அன்று சாலைப் பாலம். 2025 ஏப்ரல் 6 அன்று, நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும் புதிய ரயில் பாலம்.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. விடியலில் ஸ்படிக இலிங்க தரிசனம் உண்டு. பார்க்க வேண்டுமானால் கருக்கலிலேயே வரிசைக்கு வந்துவிட வேண்டும். முதல் பூசை அனுமன் கொண்டுவந்த விசுவநாதருக்கு. அப்புறம்தான் சீதை மணலால் பிடித்த இராமநாதருக்கு. தாமதமாக வந்தவனுக்கு முதல் மரியாதை கொடுத்து அவன் மனத்தாங்கலைத் தீர்த்திருக்கிறார்கள். அக்கினி தீர்த்தம் என்ற கடலில் முழுகிவிட்டு, ஈரத்துணியோடு உள்ளே வந்து 22 தீர்த்தங்கள். கிணற்று விளிம்பில் காலை அகட்டி ஊன்றி நிற்கிறவர் வாளியை விடுவார். கயிறு கையில் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் நீர் மேலே வந்து நம் தலையில் கவிழ்ந்திருக்கும். நாம் 'சிவ சிவா' என்று வாயைத் திறக்கும்போது அடுத்தவர் நனைந்துகொண்டிருப்பார். தெலுங்கு, இந்தி, மராட்டி, வங்காளி எல்லாம் அவருக்குத் தேவைக்கு வரும்: 'முன்னே வா, நகரு, போ.' கடைசியில் கோடி தீர்த்தம். அதைப் பாட்டிலில் பிடித்து ஊருக்குக் கொண்டுபோவார்கள். ஈரத்தோடு சன்னதிக்குப் போக விடமாட்டார்கள், மாற்றுத்துணி கையில் இருக்கட்டும். கைபேசிக்கு அனுமதியில்லை. ஆடி, தை அமாவாசைகளில் நிதானமாகப் பார்க்கலாம் என்று யாரும் போக வேண்டாம்.

கடலுக்கு இத்தனை அருகே இந்தக் கிணறுகளில் நல்ல நீர் எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. மணலில் இறங்கும் மழைநீர் கனம் குறைந்தது. அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. வாளியால் இறைத்தால் ஊறிக்கொள்ளும். ஆழ்துளை போட்டு மோட்டார் வைத்து உறிஞ்சினால் உப்பு மேலேறும். விடுதி மேல் விடுதியாக எழும் தீவில் இது கோயிலுக்கு வெளியேயும் பேச வேண்டிய விஷயம்.

இப்போது பலர் காலையில் இறங்கி, கிணறு, சன்னதி, அரிச்சல்முனை, ஒரு செல்ஃபி என்று மாலை ரயிலில் ஏறிவிடுகிறார்கள். பழைய சேது யாத்திரையில் இராமேசுவரம் கடைசியில்தான் வரும். உப்பூர் வெயிலுகந்த விநாயகரிடம் தொடங்கி, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம், பிறகு திருப்புல்லாணி, சேதுக்கரை, அதன்பின்தான் தீவு. முடிந்தவர்கள் இராமநாதபுரத்தில் இரண்டு நாள் தங்கி அப்படிப் போக வேண்டும் என்பது என் சிபாரிசு. எல்லாவற்றுக்கும் பேருந்து உண்டு. திருப்புல்லாணியில் இராமன் தருப்பைமேல் படுத்திருக்கும் கோலத்தைப் பார்த்துவிட்டுப் பால் பாயசம் கிடைத்தால் விடாதீர்கள். அரண்மனையில் இராமலிங்க விலாசத்தையும் பாருங்கள். தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிச் சுவரோவியங்களில் சேதுபதி போருக்குப் போகிறார், வெளிநாட்டாரைச் சந்திக்கிறார், அந்தப்புரத்தில் இருக்கிறார். உள்ளே வெளிச்சம் குறைவு. உச்சிப்பொழுதுக்கு முன்னால் போனால் கீழ்த்தளத்து ஓவியங்களாவது நன்றாகத் தெரியும்.